பேஸ் கிட்டாரின் நெற்றியில் சந்தனம்

எங்கள் இசைக்குழுவில் எனக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் என் விரல்களா, என் கணவரின் வேனா என்ற சந்தேகம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. இசைக்குழு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மலேசியாவில் கூலாய் என்ற எங்கள் ஊரைச் சுற்றி நடக்கும் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, பிறந்தநாள் விருந்து என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பழைய சினிமாப் பாட்டுகளை வாசிக்கும் ஆறேழு பேர், அவ்வளவுதான். நான் வார நாட்களில் செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். சனிக்கிழமை ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் கணவர் வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை ஆனால் அதே வேனில் ஸ்பீக்கர், டிரம், கீபோர்டு, பாடகர், பாடகரின் மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருவார். பேஸ் கிட்டார் இல்லாமல் எங்கள் குழு ஒரு கல்யாணத்தைச் சமாளித்துவிடும். வேன் இல்லாமல் கூலாயைத் தாண்டாது.

பேஸ் கிட்டாரின் தலையெழுத்தே அப்படி. நான்கு தடித்த கம்பிகள், நீளமான கழுத்து, தூக்கினால் தோள் வலிக்கும் கனம். வாசித்தால் யாருக்கும் தனியாகக் கேட்காது. அதிலும் ஒரு பெண் அதை மாட்டிக்கொண்டு நின்றால் கல்யாண மண்டபத்தில் வருகிற முதல் கேள்வி, "யாரோடதும்மா இது? வாசிக்கிறவரு எங்க போயிட்டாரு?" என்பதுதான். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், "சாப்பிடப் போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு மேடையேறி வாசிக்க ஆரம்பித்துவிடுவேன். கேட்ட அம்மா முதல் பாட்டு முடியும்வரை வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

குழுவை நடத்துவது கீபோர்டு வாசிக்கும் பையன்; நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன், கெட்டிக்காரன், ஆனால் வாயைத் திறந்து யாரையும் பாராட்டியதில்லை. அவனுடைய கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் இடது கை வாசிப்பதெல்லாம் பேஸ் கிட்டார் சத்தமாக வரும். கீபோர்டு வாங்கிய நாளில் அதை எனக்குத்தான் முதலில் காட்டினான். "கேளுங்கக்கா, உங்களது மாதிரியே இருக்குல்ல?" என்றான். நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு எரிந்தது.

போன வருடம் பத்து பாகாட் நகரில் ஒரு பெரிய கல்யாண வரவேற்பு எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒத்திகை வைத்திருந்தோம். பேஸை எடுத்து மாட்டியவுடனே என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. கம்பிகள் கழுத்தைவிட்டு எழும்பி நின்றன. ஒவ்வொன்றையும் முழு பலத்தோடு அமுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் இழுத்து அமுக்கினால் சுருதி மேலே ஏறத்தான் செய்யும். இரண்டாவது பாட்டு பாதியில் தம்பி கையைத் தூக்கி நிறுத்தினான்.

"அக்கா, சுருதி ஓடுது லா."

"இப்பத்தான் ட்யூன் பண்ணேன்."

"சும்மா தட்டுனா சரியா இருக்கு. அமுக்குனா ஓடுது." கொஞ்சம் யோசித்தான். பிறகு பெரிய மனது பண்ணிச் சொன்னான்: "ஒண்ணும் சுசா இல்ல, சிரமம் இல்ல. பத்து பாகாட்டுக்கு நான் லெஃப்ட் ஹேண்ட்லயே பேஸ் போட்டுக்கிறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க." அப்படியே வாசல் பக்கம் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த என் கணவரிடம், "அண்ணே, வேன் மட்டும் மூணு மணிக்கு வந்துடும்ல?" என்றான்.

நான் வரவில்லையென்றால் வேனும் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வந்துடும் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

வீடு வந்து சேரும்வரை நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியும். வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, "ரெஸ்டுதானே எடுக்கச் சொன்னான்" என்றார், மெதுவாக. அதற்கப்புறம் நான் பேசியதை எழுதினால் அச்சில் நன்றாக இருக்காது.

அவருக்குப் புரியவில்லை. ஒரு தடவை அந்தப் பொத்தான் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது. அது தாமதமாக வராது, சாப்பாடு கேட்காது, மேடையில் இடத்தை அடைக்காது. அடுத்த நிகழ்ச்சிக்கு, "அக்கா, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்பார்கள். அதற்கடுத்த நிகழ்ச்சிக்கு அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். வாரம் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நான் பேசுவது எனக்கே கேட்காது. சனிக்கிழமை மட்டும் நான் ஒரு கம்பியைத் தொட்டால் மண்டபத்துத் தரை அதிர்கிறது. மணப்பெண்ணின் கையில் இருக்கும் குளிர்பானம்கூட அதிர்கிறது. இதை ஒரு பொத்தானுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வியாதி என்ன என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முந்தைய நிகழ்ச்சி முடிந்து வந்தபோது பேஸ் கிட்டாரை யாரோ வேனிலிருந்து இறக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ ஸ்பீக்கரை இறக்கினார், விருந்தில் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டித் தந்த பிரியாணியை மறக்காமல் இறக்கினார், பேஸை மட்டும் கடைசி சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டார். வாரம் முழுக்க அது பள்ளிக்கூட வாசலில் கொதிக்கிற வெயிலில் மூடிய வேனுக்குள் வெந்திருக்கிறது. கழுத்து மரம்தானே. ஒரு பக்கம் வெக்கை, இன்னொரு பக்கம் நான்கு கம்பிகள் ராப்பகலாகப் பிடித்து இழுக்கிற இழுப்பு. கழுத்து முன்பக்கமாக வளைந்துவிட்டது.

அதற்கு மருந்தும் கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. மரத்துக்கு உள்ளே, நீளவாக்கில், ட்ரஸ் ராட் என்கிற ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கிட்டாரின் தலைப்பகுதியில் வட்டமாக ஒரு குழி இருக்கும். அதற்குள் ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியை விட்டு வலப்பக்கம் திருப்பினால் அந்தக் கம்பி இறுகிக் கழுத்தை நிமிர்த்தும். கேட்க எவ்வளவு சுலபம்! இணையத்தில் பார்த்த முதல் வீடியோவில் ஒருவர், இது குழந்தைகூடச் செய்கிற வேலை என்றார். அடுத்த வீடியோவிலோ இன்னொருவர், கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாலும் உள்ளே கம்பி ஒடிந்துவிடும், பிறகு கழுத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான் என்றார். ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். கொண்டுவந்து போடுங்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது ஒரு வாரம்.

தொழிற்சாலையில் டன் கணக்கில் எடையுள்ள அச்சுகளைக் கழற்றி மாட்டுகிற கை என்னுடையது. போல்ட்டு இறுக்குவது எனக்குப் பல் துலக்குவது போல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, பேஸைப் படுக்கவைத்து, அதோடு வந்த சின்ன ஆலன் கீயை எடுத்தபின், அதைக் குழிக்குள் விடாமல் இரண்டு தடவை துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் ஏதாவது உடைந்தால் அது முதலாளியுடையது.

"இப்ப வேணாம்" என்றார் கணவர், நாள்காட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "ராகு காலம். ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"கிட்டாருக்கு என்னங்க ராகு காலம்?"

"நமக்கு இருக்குல்ல?"

நான் கேட்கவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, குழிக்குள் கீயை விட்டுத் திருப்பினேன். வழுக்கியது. மறுபடி விட்டேன். நுனி மட்டும் உள்ளே போய், பிடிப்பு இல்லாமல் சுற்றியது. உள்ளே இருக்கிற மரையின் ஆறு மூலைகளும் தேய்ந்து வட்டமாகிவிட்டால் எந்தக் கீயும் பிடிக்காது, பிறகு எந்த வைத்தியமும் இல்லை. என் கருவிப்பெட்டியிலிருந்து அடுத்த அளவு கீயை எடுத்தேன். அது நுழையவே இல்லை. அதற்கும் சிறியது சுற்றிச் சுற்றி வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் கணவர் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கே நான்கு அறை அறையலாம்.

கடைசியில் ஆறு மணிவரை காத்திருந்தோம். அவர் தேநீர் போட்டுத் தந்தார். நான் குடித்தேன், ஆனால் நன்றி சொல்லவில்லை.

ஆறு மணிக்கு டார்ச் விளக்கை எடுத்துக் குழிக்குள் அடித்துப் பார்த்தேன். இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. துருவாக இருந்தால் இன்னும் சிவப்பாக இருக்கும். ஒருவேளை கம்பெனிக்காரர்கள் பசை போட்டு அடைத்துவிட்டார்களோ? பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். தூளாக உதிர்ந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். கோயில் வாசனை.

"என்னங்க இது?"

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. "சந்தனம்" என்றார்.

"சந்தனம்னு தெரியுது. இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுதான்."

"எந்த ஆயுத பூஜைக்கு?"

"எல்லா ஆயுத பூஜைக்கும்."

இதில் நான் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் சந்தனப் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. வேனில் ஆரம்பிப்பார். துணி துவைக்கும் இயந்திரம், சோறு வேகவைக்கும் குக்கர், இணையப் பெட்டி, என் கருவிப்பெட்டி, மின்விசிறியின் ரிமோட் என்று ஒன்றையும் விட மாட்டார். பேஸையும் சாமி மேடைக்கு முன்னால் நிற்கவைத்துப் பூப் போட்டுக் கும்பிடுவார். அதை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். பொட்டு எங்கே வைக்கிறார் என்று மட்டும் குனிந்து பார்த்ததில்லை.

"அந்த ஓட்டையிலயா வெப்பீங்க?"

"தலையில, நடு நெத்தியில, சரியா வட்டமா ஒரு குழி இருந்துச்சி. பொட்டு வெக்கறதுக்குன்னே விட்டிருக்கான்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு, நியாயமாக ஒரு சமாதானமும் சொன்னார்: "கொஞ்சம் ஆழமா இருந்துச்சி. அதனால ஒவ்வொரு தடவையும் நெறைய வெக்க வேண்டியதாப் போச்சி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது உண்மை. திட்ட ஆரம்பித்ததும் உண்மை. ஆனால் நெற்றி என்று அவர் சொன்னபிறகு என் கண்ணுக்கும் அது நெற்றியாகத்தான் தெரிந்தது. திட்டிக்கொண்டிருந்த வாய் பாதியில் சிரித்துவிட்டது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

சுரண்டும் வேலை ஆரம்பமானது. தண்ணீர் விட்டால் உள்ளே துருப்பிடிக்கும், அதனால் காய்ந்த சந்தனத்தைக் குச்சியாலும் ஊக்காலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. சந்தனம், அதற்குக் கீழே குங்குமம், அதற்குக் கீழே மறுபடியும் சந்தனம் என்று குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. நடுவில் ஓர் அட்சதை அரிசி வந்தது. அந்த வருடம் பூஜை ரொம்ப விசேஷமாக நடந்தது என்றார் கணவர். உதிர்ந்ததைத் துடைத்துக் குப்பையில் போடப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போடக் கூடாதாம். ஒரு தட்டில் சேர்த்துக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். மிச்சத்தை வாயால் ஊதினேன். அது குழியை விட்டு வெளியே வந்து என் கண்ணுக்குள் போனது. கடைசியில் வேன் சுத்தம் செய்கிற வாக்குவம் குழாயை அவர் கொண்டுவந்து வைத்தார். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஒருவழியாக உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஆறு மூலையும் கூர்மையாக இருந்தது. தேயவே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீயை விட்டேன், அடிவரை போய் உட்கார்ந்தது. அவரை மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினேன்.

'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"முருகா" என்றார் அவர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடிந்துவிட்டது, எல்லாம் முடிந்தது, இனி நான் வேனில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பந்தியில் சாப்பிட்டு வருகிற ஆள்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அழுதேன்.

"இங்க பாரு" என்றார் அவர். குழியின் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு சந்தனக் கட்டி வெளியே வந்து கிடந்தது. எங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, மரை திரும்பியதும் பெயர்ந்து வந்த சத்தம்தான் அது. கீயை மெல்ல அசைத்துப் பார்த்தேன். பிடிப்பு அப்படியே இருந்தது.

பிறகு கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி, அளந்து பார்த்தோம். கம்பியைக் கழுத்தின் இரண்டு கோடியிலும் அமுக்கிப் பிடித்தால், நடுவில் ஒரு மெல்லிய அட்டை நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். அவர் பத்து பாகாட் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். அது பிள்ளையாரும் தங்க முலாமும் வைத்துக் கதவு கனத்துக்கு இருந்தது. அதை வைத்து அளந்திருந்தால் கிட்டார் வில்லாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் அவருடைய வேன் சர்வீஸ் விலாச அட்டைதான் சரியாகப் பொருந்தியது. இன்னும் கால் சுற்று திருப்பி, ஒருநாள் விட்டு, மறுபடி அளந்தேன். அட்டை உரசிக்கொண்டு நுழைந்தது. கம்பி விரலுக்கு அடியில் வெண்ணெயாக இறங்கியது. வேலை முடிந்து வந்த களைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அன்று இரண்டு மணிநேரம் வாசித்தேன்.

சனிக்கிழமை வேனோடு நானும் போய் இறங்கினேன். தம்பி என்னைப் பார்த்தான், பேஸைப் பார்த்தான். "சரியாயிடுச்சாக்கா?" என்றான். "கேட்டுட்டுச் சொல்லு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பொத்தானை அமுக்கி வைத்துக்கொண்டான். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் பாட்டு முழுக்க நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீபோர்டின் மேல் தயாராக நின்றது. சுருதி எங்கேயாவது ஓடினால் பாய்ந்து பிடிக்கிற மாதிரி விரல்கள் விரிந்திருந்தன. இரண்டாவது பாட்டில் அந்தக் கை இறங்கி ஓரமாக ஓய்வெடுத்தது. மூன்றாவது பாட்டில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. நான்காவது பாட்டில் அந்தக் கை பக்கத்திலிருந்த முறுக்குப் பொட்டலத்துக்குள் இருந்தது. எத்தனையோ மேடையில் கைதட்டல் கேட்டிருக்கிறேன். அந்த முறுக்கு தந்த சந்தோஷம் எதுவும் தந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டுகிற ஆள் இல்லை என்றுதான் சொன்னேனே. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதல் வேலையாகப் பேஸை இறக்கினார். பிரியாணி வேனிலேயே கிடந்தது.

ஆனால் என் பழைய சந்தேகம் அதோடு தீரவில்லை. வேனும் நானும் சேர்ந்துதானே போனோம்? இரண்டில் எதற்கு மரியாதை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த மாதம் செனாயில் ஒரு பிறந்தநாள் விருந்து இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வேனில் கிளட்ச் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கைப்பேசி அடித்தது. தம்பி. கை கறியாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். வேன் இல்லை, இனி என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா?

"அக்கா, அண்ணனோட வேன் ஒர்க்‌ஷாப்புல இருக்குன்னு சொன்னாங்க. சாமானுக்கு நான் லாரி சொல்லிட்டேன். நீங்க லாரியில வர வேணாம், நானே காருல வந்து உங்கள ஏத்திக்கிறேன். பேஸ மறந்துடாதீங்க."

தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். எதிரில் என் கணவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"தம்பி, அப்ப நானு?" என்றார் கைப்பேசியைப் பார்த்து.

"அண்ணே… நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றான் தம்பி.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். பத்து பாகாட்டுக்கு முன்னால் நானே அதை மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அவரு வரலைன்னா நானும் வரல, தம்பி" என்றேன்.

"அலமாக்! நான் என்னக்கா சொல்லிட்டேன்? சரி சரி, ரெண்டு பேரும் வாங்க."

காரில் முன் சீட்டில் தம்பியின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பின் சீட்டில் என் கணவர், மடியில் பேஸ் கிட்டார். ஏசி இருந்தும் ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செனாய் போய்ச் சேரும்வரை அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் கழுத்தைச் சுற்றி மூடிப் பிடித்துக்கொண்டே வந்தார்.